ஃபாண்டசி ஃபுட்போல் அணிக்குக் கிக்கரைத் தெரிவுசெய்வது எப்படி? வன்னியிலிருந்து விளையாடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபாண்டசி ஃபுட்போல் என்பது, அமெரிக்க ஃபுட்போலின் உண்மையான வீரர்களைத் தெரிந்தெடுத்துக் கற்பனை அணி ஒன்றை அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் செய்வதற்குக் கிடைக்கும் புள்ளிகளால் மற்றவர்களோடு போட்டியிடும் விளையாட்டு. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மச்சான்மாரும் சித்தப்பாவின் பிள்ளைகளும் சேர்ந்து நடத்தும் ஃபாண்டசி ஃபுட்போல் லீக்கில் ஓர் ஆள் குறைந்தால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கும் ஒருவரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்வது உண்டு. சேர்ந்தவருக்கு உதைபந்தாட்டம் நன்றாகத் தெரிந்திருக்கும். அமெரிக்க ஃபுட்போல் புதிதாக இருக்கும். குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஆகிய இடங்களை உறவினர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பிவிடுவார். கடைசியில் ஒரே ஓர் இடம் வெறுமையாக நிற்கும்போது, "அண்ணை, கிக்கர் இடம் சும்மா கிடக்கு, ஆரைப் போடுறது?" என்று கைபேசியில் கேள்வி வரும். உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவது இலகு. ஆனால் இந்தக் கிழமைக்குப் பொருந்தும் பெயர் அடுத்த கிழமைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே, பெயரை நீங்களே கண்டுபிடிக்கும் முறையை எழுதுகிறேன். அந்த முறை ஒரே எண்ணத்தின் மீது நிற்கிறது: கிக்கருக்குக் கிடைக்கும் புள்ளிகளைத் தீர்மானிப்பதில் அவருடைய காலைவிட, அவருடைய அணி எத்தனை தடவை அவரை உதைக்கக்கூடிய தூரத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது என்பதற்கே பெரிய பங்கு உண்டு.

முதலில் ஆட்டத்தில் அவருடைய வேலை என்ன என்று பார்ப்போம். பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார்ட் முன்னேற நான்கு முயற்சிகள் தரப்படும். மூன்று முயற்சிகளில் அது முடியாமற்போனால், நான்காவதில் மீண்டும் முன்னேறப் பார்க்கலாம். பந்தை எதிரணியின் பக்கம் தூரமாக உதைத்து அனுப்பிவிடலாம். அல்லது இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளிகள் எடுக்கலாம். தூரமாக உதைத்து அனுப்புபவர் பண்டர் என்ற வேறொரு வீரர். அவரைக் கிக்கரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்ட் கோல். அதுவே நமது கிக்கரின் வேலை. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பது டச்டவுன். அதை எடுத்தபின் மேலதிகப் புள்ளிக்காக உதைப்பதும் அவரே. 2015ஆம் ஆண்டு விதி மாற்றப்பட்டதிலிருந்து அந்த மேலதிக உதை ஏறத்தாழ 33 யார்ட் தூரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால் அது முன்னரைப் போல நிச்சயமான புள்ளி அல்ல.

தூரக் கணக்கு ஒன்றைப் பழகிக்கொண்டால் ஆட்டத்தைப் பார்க்கும்போது பேருதவியாக இருக்கும். பந்து நிற்கும் கோட்டோடு 17 யார்ட்டைக் கூட்டினால் உதையின் தூரம் வந்துவிடும். கம்பங்கள் எல்லைக்கோட்டுக்குப் பத்து யார்ட் பின்னால் நடப்பட்டிருக்கின்றன. பந்தைப் பிடித்து நிலத்தில் நிறுத்துபவர் பந்து நிற்கும் கோட்டுக்கு ஏழு அல்லது எட்டு யார்ட் பின்னால் முழந்தாளிட்டிருக்கிறார். எனவே பந்து 30 யார்ட் கோட்டில் நின்றால் உதை 47 யார்ட். ஒருவர் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்கு எறிய, மற்றவர் அதைப் பிடித்துத் தையல் கம்பங்களை நோக்கியிருக்குமாறு திருப்பி நிறுத்த, கிக்கர் இரண்டடி வைத்து உதைக்கிறார். இவ்வளவும் ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். எறிபவரோ பிடிப்பவரோ காயமடைந்து புதியவர் வந்திருந்தால் அந்தக் கிழமை அந்தக் கிக்கரைத் தவிர்ப்பது நல்லது என்று நான் கருதுவது இதனாலேயே.

புள்ளிகள் தரும் முறை லீக்குக்கு லீக் வேறுபடும். பரவலாக இருக்கும் முறையில் 39 யார்ட் வரையான ஃபீல்ட் கோலுக்கு 3, 40 முதல் 49 வரை 4, 50க்கு மேல் 5, மேலதிக உதைக்கு 1. சில லீக்குகள் தவறவிட்ட உதைக்குப் புள்ளியைக் குறைக்கின்றன. சில, தூரத்தின் ஒவ்வொரு யார்ட்டுக்கும் ஒரு பின்னத்தைக் கொடுக்கின்றன. லீக்கின் விதிப்பக்கத்தைத் திறந்து இதை வாசிக்காமல் கிக்கரைத் தேடத் தொடங்க வேண்டாம். தவறுக்குத் தண்டனை இல்லாத லீக்கில், நெடுந்தூர உதைகளுக்குத் துணிந்து அனுப்பப்படும் கிக்கரே இலாபம். தண்டனை உள்ள லீக்கில் அதே ஆள் சிலவேளை நட்டத்தையும் கொண்டுவருவார். 50 யார்ட்டுக்கு மேற்பட்ட உதைகளில் அண்மைக் காலத்தில் பத்துக்கு ஏழு அளவில் வெற்றி பெறுகின்றன என்பதையும், எல்லாத் தூரங்களையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 85 அளவில் வெற்றி பெறுகின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு இதை நிறுத்துப் பாருங்கள்.

எந்தச் சுற்றில் எடுப்பது

லீக்கில் உள்ளவர்கள் சுற்றுச் சுற்றாக, முறைக்கு ஒரு வீரராக எடுக்கும் தெரிவு நாளில், கிக்கரைக் கடைசிச் சுற்றில் எடுங்கள். பன்னிரண்டு பேர் விளையாடும் லீக்கில் மிகச் சிறந்த கிக்கருக்கும் பன்னிரண்டாவது கிக்கருக்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று புள்ளிகளைத் தாண்டுவது அரிது. ரன்னிங் பேக் இடத்தில் அந்த வேறுபாடு பல மடங்கு. அதோடு, சென்ற வருடம் முதலிடத்தில் நின்ற கிக்கர் இந்த வருடமும் அங்கே நிற்பார் என்று நம்ப இடமில்லை. ஜஸ்டின் டக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பால்டிமோர் அணிக்காக 2012 முதல் உதைத்து, வரலாற்றிலேயே மிகத் துல்லியமானவர் என்று கணக்கிடப்பட்டவர் அவர். பலர் அவருக்காகவே இரண்டு மூன்று சுற்றுகளை முன்கூட்டிச் செலவழித்தார்கள். 2024இல் அவர் 30 முயற்சிகளில் 22ஐ மட்டுமே நிறைவேற்றினார். அவ்வளவு பெரிய பெயரே ஒரு பருவத்துக்கு உத்தரவாதம் தரவில்லை என்றால், எட்டாம் ஒன்பதாம் சுற்றில் கிக்கருக்காக ஒரு நல்ல ரிசீவரை விட்டுக்கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

தெரிவு நாள் ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே வந்துவிட்டால், உங்கள் லீக் அனுமதிக்குமானால், கிக்கர் இடத்தை வெறுமையாகவே விட்டு அந்த இடத்தில் இன்னொரு ரன்னிங் பேக்கை எடுத்து வைத்திருக்கலாம். பருவம் தொடங்கும் முன் யாராவது காயப்படுவார், அவருக்கு அடுத்த நிலையில் நின்றவருக்குத் திடீரென மதிப்பு ஏறும். அணிகளும் தங்கள் கிக்கரை அந்த நாட்களில்தான் முடிவு செய்கின்றன. முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள் எஞ்சியிருப்பவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டால் போதும்.

அணி எங்கே திணறுகிறது என்று பாருங்கள்

நல்ல கிக்கரைத் தரும் அணி, நன்றாக முன்னேறிப் போய், எல்லைக்கோட்டுக்கு அருகில் திணறி நிற்கும் அணி. எப்போதும் டச்டவுன் எடுக்கும் அணியின் கிக்கருக்கு ஒவ்வொரு புள்ளியாகவே சேரும். நடுக்கோட்டையே தாண்டாத அணியின் கிக்கருக்கு வேலையே இராது. இரண்டுக்கும் இடைப்பட்ட அணியே நமக்குத் தேவை.

2024இல் பிட்ஸ்பேர்க் அணி அப்படியிருந்தது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் அட்லாண்டாவை அது 18க்கு 10 என்று வென்றபோது ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. பதினெட்டுப் புள்ளிகளும் கிறிஸ் பொஸ்வெல் உதைத்த ஆறு ஃபீல்ட் கோல்களால் வந்தவை. நவம்பர் 17ஆம் திகதி, சொந்த மைதானத்தில் பால்டிமோரை 18க்கு 16 என்று வென்றபோதும் அதே கதை: மீண்டும் ஆறு ஃபீல்ட் கோல்கள், மீண்டும் டச்டவுன் இல்லை. எதிர்ப்பக்கத்தில் நின்றவர் டக்கர். அவர் அன்று இரண்டு உதைகளைத் தவறவிட்டார், அணி இரண்டு புள்ளிகளால் தோற்றது. அந்தப் பருவத்தில் பொஸ்வெல் மொத்தம் 41 ஃபீல்ட் கோல்களை நிறைவேற்றி எல்லாருக்கும் முன்னால் நின்றார். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை சந்தர்ப்பங்கள் வேறொரு அணியில் அவருக்குக் கிடைத்திருக்காது.

இதை முன்கூட்டியே மதிப்பிட ஒரு சிறு கணக்கு உண்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பந்தய நிறுவனங்கள் இரண்டு எண்களை வெளியிடுகின்றன: இரு அணிகளும் சேர்ந்து எடுக்கக்கூடிய மொத்தப் புள்ளிகள் ஒன்று, எந்த அணி எத்தனை புள்ளிகளால் வெல்லும் என்பது மற்றையது. பந்தயம் கட்டச் சொல்லவில்லை, கட்டவும் வேண்டாம். அந்த எண்களை இலவசமாக வாசித்தால் போதும். மொத்தம் 47, ஒரு பக்கம் 5 புள்ளிகளால் வெல்லும் என்று இருந்தால், இரண்டையும் கூட்டி வரும் 52ஐ இரண்டால் பிரியுங்கள்: வெல்லும் அணிக்கு 26, தோற்கும் அணிக்கு 21. எனக்கு 24க்கு மேல் எதிர்பார்க்கப்படும் அணியின் கிக்கரே முதல் விருப்பம். அதிலும் வெல்லுமென்று எதிர்பார்க்கப்படும் அணியின் கிக்கர். காரணம் தெளிவானது. முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் கால்பகுதியில் மூன்று புள்ளிகளோடு திருப்திப்படும். பத்துப் பதினான்கு புள்ளிகளால் பின்தங்கிய அணிக்கு ஃபீல்ட் கோல் பெரிதாக உதவாது. அது நான்காவது முயற்சியிலும் டச்டவுனைத் துரத்தும், கிக்கர் வாங்கில் குந்தியிருப்பார்.

பயிற்றுநரின் குணமும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே. டிட்ரோய்ட் அணியின் டான் கம்பெல், நான்காவது முயற்சியில் உதைப்பதைவிட முன்னேறிப் பார்ப்பதையே பெரும்பாலும் விரும்புபவர். 2024 ஜனவரி 28ஆம் திகதி, பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் போலுக்குப் போகும் தகுதி ஆட்டத்தில், இடைவேளையில் 24க்கு 7 என்று முன்னிலையில் நின்ற அவருடைய அணி, இரண்டாம் பாதியில் இரண்டு தடவை ஃபீல்ட் கோலைத் தவிர்த்து முன்னேறப் பார்த்துத் தவறி, சான் பிரான்சிஸ்கோவிடம் 34க்கு 31 என்று தோற்றது. அந்த முடிவுகள் சரியா பிழையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். துணிந்த பயிற்றுநர் அணிக்கு நல்லவராக இருக்கலாம். உங்கள் கிக்கருக்கு அவர் சந்தர்ப்பங்களைக் குறைப்பவர். ஆகவே, அணியின் கடந்த நான்கைந்து ஆட்டங்களின் பதிவைத் திறந்து, எல்லைக்கோட்டுக்கு 20 யார்ட்டுக்குள் போன பின் நான்காவது முயற்சியில் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காற்றும் கூரையும்

ஆவணியில் நமது திறந்த வெளி மைதானமொன்றில் சோளகக் காற்றுக்கு எதிரே மூலை உதை எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: நேராகப் போன பந்து கடைசி நேரத்தில் திரும்பி வெளியே விழும். மழையையும் பனியையும்விடக் காற்றே கிக்கருக்குப் பெரிய எதிரி. ஆட்ட நேரத்தில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் காற்று வீசும் என்று வானிலை முன்னறிவிப்புச் சொன்னால், நான் எவ்வளவு நல்ல கிக்கரையும் மாற்றிவிடுவேன்.

2021 டிசம்பர் 6ஆம் திகதி பஃபலோ நகரில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய காற்றில் நியூ இங்கிலாந்து அணி முழு ஆட்டத்திலும் மூன்றே மூன்று தடவை பந்தை எறிந்தது. அது டச்டவுன் எடுத்தபின்கூட மேலதிகப் புள்ளிக்கு உதைக்காமல், ஓடி இரண்டு புள்ளிகள் எடுத்தது. பஃபலோவின் கிக்கர் 33 யார்ட்டிலிருந்து உதைத்ததைத் தவறவிட்டார். வேறொரு நாளில் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கக்கூடிய தூரம் அது. முடிவு 14க்கு 10. நியூ இங்கிலாந்தின் நிக் ஃபோக் அன்று இரண்டு ஃபீல்ட் கோல்களை எடுத்தார் என்பது உண்மையே. ஆனால் அப்படியொரு நாளில் எந்தக் கிக்கருக்கு எது நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. பஃபலோ, சிக்காகோ, பிட்ஸ்பேர்க், கிளீவ்லண்ட் ஆகிய ஏரிக்கரை, ஆற்றங்கரை நகரங்களின் மைதானங்களை நவம்பருக்குப் பிறகு கவனத்தோடு பாருங்கள். குளிரில் பந்தும் இறுகிவிடும், தூரம் குறையும்.

இதற்கு மறுபக்கம் கூரையுள்ள அரங்குகள். டிட்ரோய்ட், மினியாபொலிஸ், நியூ ஓர்லியன்ஸ், லாஸ் வேகாஸ் ஆகியவற்றின் கூரைகள் நிரந்தரமானவை. அட்லாண்டா, டலஸ், ஹூஸ்டன், இண்டியானாபொலிஸ், அரிசோனா ஆகிய அணிகளின் கூரைகளைத் திறந்து மூடலாம். டென்வர் திறந்த வெளிதான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவைவிடச் சற்றே தாழ்வாக இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து பந்து கூடுதலாகப் பறக்கும். மிக நீண்ட ஃபீல்ட் கோல் சாதனை அண்மையில் கைமாறிய இடங்களைப் பாருங்கள்: 2013இல் மற் பிரேட்டர் 64 யார்ட், டென்வரில், 2021இல் டக்கர் 66 யார்ட், டிட்ரோய்ட்டில், 2025இல் காம் லிட்டில் 68 யார்ட், லாஸ் வேகாஸில். மூன்றும் மெலிந்த காற்றிலோ கூரையின் கீழோ நிகழ்ந்தவை. எனவே இரண்டு கிக்கர்களுக்கிடையில் முடிவெடுக்க முடியாமல் இருந்தால், கூரையின் கீழ் விளையாடுபவரை எடுங்கள். அவருடைய சொந்த அரங்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அந்தக் கிழமை ஆட்டம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். டிட்ரோய்ட்டின் கிக்கரும் டிசம்பரில் சிக்காகோவுக்குப் போய் உதைக்க வேண்டியிருக்கும்.

காலின் பலம் எதற்கும் உதவாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டலஸ் அணியின் பிராண்டன் ஓப்ரி போன்ற ஒருவர் உங்களுக்குக் கடைசிச் சுற்றுகளில் கிடைத்தால் விடாதீர்கள். உதைபந்தாட்டக்காரராக இருந்து, 2017இல் ரொறன்ரோ கழகத்தால் முதல் சுற்றிலேயே தெரிவுசெய்யப்பட்டு, பின்பு மென்பொருள் பொறியியலாளராக வேலை செய்து, அதன் பிறகே அமெரிக்க ஃபுட்போலுக்கு வந்தவர் அவர். 2023இல், அமெரிக்க ஃபுட்போலின் தலையாய லீக்கான என்எஃப்எல்லில் தனது முதல் 35 ஃபீல்ட் கோல்களையும் தவறாமல் எடுத்தார். அவருடைய கால் 60 யார்ட்டுக்கு அப்பாலும் நம்பத்தக்கது என்பதால், மற்ற அணிகள் பந்தை உதைத்து அனுப்பிவிடும் இடத்திலிருந்து அவருடைய அணி மூன்று புள்ளிகளுக்கு முயல்கிறது. கால் பலம் சந்தர்ப்பங்களாக மாறும் அபூர்வமான இடம் இது.

நமது நேரமும் அவர்களது நேரமும்

வன்னியிலிருந்து விளையாடுபவருக்கு உறவினர்கள் சொல்லித்தர மறக்கும் விடயம் நேரம். பருவத்தின் தொடக்கத்தில் ஞாயிறு பிற்பகல் ஒரு மணி ஆட்டங்கள் நமக்கு ஞாயிறு இரவு 10.30க்குத் தொடங்கும், பிந்திய ஆட்டங்கள் நள்ளிரவு தாண்டி 2 மணி அளவில், ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50க்கு, வியாழன் இரவு ஆட்டம் வெள்ளி காலை 5.45க்கு. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவார்கள், நாம் திருப்புவதில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் நடக்கும் ஆட்டங்கள் சில மாலை 7 மணிக்கே தொடங்கிவிடும் என்பதால், இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

விளையாடாதவர்களின் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடங்கள் முன்பு வெளியாகும். ஞாயிறு முதல் ஆட்டங்களுக்கு அது நமக்கு இரவு 9 மணி. அந்த நேரத்தில் பட்டியலையும் காற்றின் வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கலாம். மாரி மழையில் மின்சாரமும் இணைய இணைப்பும் எந்நேரமும் போகக்கூடிய மாதங்களில்தான் இந்தப் பருவம் நடக்கிறது. காலபோக விதைப்பில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் கைபேசியைத் தொடக்கூட நேரம் இராது. ஆகவே சனிக்கிழமையே ஒரு கிக்கரை நிறுத்திவிட்டு, ஞாயிறு இரவு மாற்றம் தேவையா என்று மட்டும் பாருங்கள். ஆட்டம் தொடங்கியதும் அந்த வீரரை மாற்ற முடியாது. அதனால் இருவர் சமமாகத் தோன்றினால், பிந்திய ஆட்டத்தில் விளையாடுபவரை வைத்திருப்பது முடிவைத் தள்ளிப்போட வழி தரும். வெள்ளி காலை ஆட்டத்தின் கிக்கரை மிகத் தேவை இருந்தாலன்றி நான் எடுப்பதில்லை.

கிழமைக்குக் கிழமை மாற்றுவதற்குத் தயங்க வேண்டாம். ஒவ்வோர் அணிக்கும் பருவத்தில் ஓர் ஓய்வுக் கிழமை உண்டு. அந்தக் கிழமைக்காக இரண்டாவது கிக்கரை வைத்து ஓர் இடத்தை வீணாக்காமல், ஒருவரை விட்டு மற்றவரை எடுங்கள். விடப்பட்ட வீரர்களைக் கோரும் நேரம் பெரும்பாலான லீக்குகளில் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி புதன் அதிகாலை, நமக்குப் புதன் மதியம் அளவில் முடியும். கிக்கருக்காக அந்தக் கோரிக்கை வரிசையில் உங்கள் முன்னுரிமையைச் செலவழிக்க வேண்டாம்; வரிசை முடிந்தபின் எஞ்சியிருப்பவர்களிலேயே நல்லவர் இருப்பார். ஃபாண்டசி அணியில் ஓர் இடத்துக்கு ஓர் அணியின் தற்காப்புப் பகுதி முழுவதையும் எடுப்பீர்கள். அந்தத் தற்காப்பு அணிக்கு எதிராக விளையாடும் கிக்கரைத் தவிருங்கள். ஒருவர் எடுக்கும் புள்ளி மற்றவரிடமிருந்து கழியும். இரண்டு ஆட்டங்களில் தொடர்ந்து உதைகளைத் தவறவிட்டவரின் அணி, இன்னொரு கிக்கரைச் சோதிக்க அழைத்ததாகச் செய்தி வந்தால், அவரை அன்றே விட்டுவிடுங்கள். இந்த வேலையில் செவ்வாய்க்கிழமை ஆளை மாற்றுவது வழமை.

லீக்கின் தீர்மானமான ஆட்டங்கள் பெரும்பாலும் 15, 16, 17ஆம் கிழமைகளில், அதாவது டிசம்பர் நடுவிலிருந்து புதுவருடத்தை ஒட்டி நடக்கும். வடக்கு நகரங்கள் உறைந்து, காற்று மிகக் கடுமையாக இருக்கும் காலம் அது. 13ஆம் கிழமையிலேயே அட்டவணையைத் திறந்து, அந்த மூன்று கிழமைகளிலும் கூரையின் கீழோ தெற்கு நகரங்களிலோ விளையாடும் அணிகள் எவை என்று குறித்துவைத்து, அவற்றில் 24 புள்ளிகளுக்கு மேல் எதிர்பார்க்கப்படும் அணியின் கிக்கரை மற்றவர்கள் தேடத் தொடங்கும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.